நிக்கங் எண்டு எழுதின வரி

எங்கட வெள்ளவத்தை பிளாட்டில நாலாம் மாடி உஷாந்தியைத் தெரியாத ஆக்கள் இல்லை. இந்தப் பக்கத்துக் கலியாண வீடுகளில பாதிப் பேர் போட்டிருக்கிற பிளவுஸ் அவள் தைச்சது. மனிசன் பிரியந்தன் மனேஜராய் வேலை செய்த கொம்பனி மூடி எட்டு மாசம். வீடு ஓடுறது அவளின்ர மெஷினிலதான். நான் எதிர் வீடு, எல்லாம் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்.

போன கிழமை காலி வீதியில ஒரு சின்னக் கடையறை அவளுக்குச் சரிவந்தது. தொழிலை உறுதிப்படுத்திக் கிராம சேவகரின்ர கடிதம் இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வேணும், இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவன் எண்டு கடைச் சொந்தக்காரர் சொல்லிப்போட்டார். அவளோட பிரியந்தனும் நானும் போனம்.

கிராம சேவகர் எங்கட பிளாட்டின்ர பதிவை எடுத்துப் பார்த்தார். உஷாந்தி வீட்டுப் படிவத்தில கணவனின்ர தொழில், முகாமையாளர். மனைவிக்கு, "நிக்கங்". சிங்களத்தில சும்மா எண்டு அர்த்தம். படிவத்தை நிரப்பினது வேற ஆருமில்லை, பிரியந்தன்தான்.

"சும்மா இருக்கிற ஆளுக்குக் கடையெண்டு நான் எப்பிடிக் கடிதம் தாறது?" எண்டு அவர் கேட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சோறு போடுறவள் நிக்கங், வேலை இல்லாதவர் முகாமையாளர்! நல்ல ஞாயம்!

பிரியந்தன் தலையைச் சொறிஞ்சார். "பொம்பிளையளுக்கு அப்பிடித்தானே போடுறது. வீட்டில இருந்து தைக்கிறது ஒரு வேலையே? பிறகு திருத்துவம், வாரும் உஷா."

"பிறகெண்டால் கடை போயிடும்" எண்டவள், லைனில நிண்ட எல்லாருக்கும் கேக்கச் சிங்களத்தில சொன்னாள்: "மாத்தயா, ரெண்டு வரியும் பிழை. நான் தையல்காரி. காலமை ஆறு மணிக்குத் தொடங்கிறனான். இப்ப அவர்தான் நிக்கங்."

லைனில கொல்லெண்டு சிரிப்பு. பிரியந்தன்ர முகம் கறுத்துப்போச்சு. எனக்குப் பாவமாயும் இருந்தது, சந்தோசமாயும் இருந்தது. பொய் சொல்லுவானேன்.

"நிரப்பின ஆள் ரெண்டு இடத்திலயும் கையெழுத்து வைக்கோணும்" எண்டு கிராம சேவகர் ரெண்டு வரியையும் வெட்டித் திருத்திப்போட்டுப் பேனையை நீட்டினார். பிரியந்தன் கையைக் கட்டிக்கொண்டு நிண்டார்.

"வையுங்கோ" எண்டாள் உஷாந்தி. "இல்லாட்டி நாளையில இருந்து நீங்கள் எழுதின மாதிரியே இருக்கிறன். வீட்டை நீங்கள் பாருங்கோ."

வைச்சார்.

கடிதத்தோட வெளியில வர, "என்ர வரியையாவது விட்டிருக்கலாம்" எண்டு பிரியந்தன் முணுமுணுத்தார்.

"என்ர வரியை நீங்கள் விட்டனீங்களே?" எண்டு கேட்டுப்போட்டு, உஷாந்தி கடைப் பூட்டின்ர திறப்பை வாங்க நடந்தாள்.