தந்தையின் தொழில்: பரதேசி

மகனைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. என் கணவருக்குக் கடலூரிலேயே வேலை. எழுத ஒரு நொடி போதும். எழுதியும்விட்டேன். இருந்தும் சரியாகத்தான் எழுதினேனா என்று மூன்று முறை பார்த்தேன்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா சவுதியில் இருந்தார். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவரிடமிருந்து போன் வரும். அது நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. பாண்டி ஆட்டத்தில் என்னிடம் தோற்ற பக்கத்து வீட்டுப் பெண், “உங்கப்பா பரதேசியா திரியறாராம். எங்கம்மா சொன்னாங்க” என்றாள்.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மாமாவிடம், அம்மாவின் தம்பியிடம், போய் அழுதேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

“பரம்னா வேற. தேசம்னா நாடு. வேற நாட்டுக்குப் போனவரு பரதேசி. அந்தக் காலத்துல கோயில் கோயிலா நடந்தவங்க, கடல் தாண்டிப் போனவங்க எல்லாருக்கும் அதான் பேரு. பிச்சைக்காரங்களச் சொல்லிச் சொல்லியே நல்ல வார்த்தையைக் கெடுத்துட்டாங்க. அவ அப்பன் குறிஞ்சிப்பாடியைத் தாண்டியிருப்பானா? கேளு போ.”

கேட்டேன். அவள் வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

அந்த வாரமே பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் என் அழகான கையெழுத்தில் ‘பரதேசி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்கள். “ஏங்க, பெத்த அப்பாவை இப்படியா எழுதுவா?” என்றார் டீச்சர். நான் பரத்தையும் தேசத்தையும் பிரித்து விளக்கினேன். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘வெளிநாட்டில்’ என்று எழுதினாள். அதோடு பேனா நின்றது.

“வேலைன்னு எழுதும்மா” என்றேன்.

“நீயே எழுதிடு” என்று பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதும், ஊர் திரும்ப வழியில்லாமல் அவர் அங்கே அலைகிறார் என்பதும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்போதே தெரியும். மறுவருஷம் அவர் ஒற்றைப் பையோடு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

அன்றைக்கு நான் ‘வேலை’ என்று எழுதி, ல, ள சரியாக இருக்கிறதா என்று தாளைத் தூக்கிக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. எந்த ‘லை’ போடுவது என்று தெரியாமல்தான் என்னிடம் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.