வாசலைப் பார்த்த மரம்

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தபோது என் பக்கத்து அறையில் ஒருவர் குடியிருந்தார். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். மனைவி பர்மாக்காரி. அவளும் மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார், அவராகச் சொன்னதில்லை.

ஒல்லியான ஆள். தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு மண்தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதில் முழ உயரத்துக்கு ஓர் ஆலமரம். ரங்கூனில் சீனர்கள் வளர்ப்பதைப் பார்த்து, சுவரிடுக்கில் முளைத்த கன்றை எடுத்து அப்படிக் குறுக்கி வளர்த்திருந்தார். ஒரு கொப்பு மட்டும் கோணலாக நீண்டுபோய், மரமே சாயப்போவது போலிருக்கும்.

"அந்தக் கொப்ப வெட்டிட்டா சரியாயிருமே, அண்ணாச்சி?" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"வெட்டலாம் தம்பி. வெட்டுனா திரும்ப ஒட்ட முடியாதுல்ல?"

மரத்தை வேரோடு தூக்கி, தொட்டியில் சாய்த்து நட்டார். கொப்பில் செம்புக் கம்பியைச் சுற்றி மெல்லக் கீழே வளைத்தார். கோணலாக நின்றது இப்போது தொட்டி விளிம்பைத் தாண்டி அருவி மாதிரி இறங்கியது.

"எப்படி இருக்கு? நான் ஒருத்தனே பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்கு."

"ரொம்ப நல்லாருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. உடனே தொட்டியைத் திருப்பி, மரத்தின் அழகான பக்கம் வாசலைப் பார்க்கும்படி வைத்தார்.

"நீங்க பாக்க வேண்டாமா?"

"வாரவுக பாக்கட்டும்."

அந்த அறைக்கு என்னைத் தவிர வேறு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. தினமும் அவர் மரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.