அப்பா எடுத்த படம்

வீட்டில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பேர். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவாள், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். ஆனால் டிரைகிளீனிங் கடையின் முன்மேஜையில் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. வந்து விழும் ஒவ்வொரு சட்டைக்கும் கோட்டுக்கும் எண் எழுதிய துணிச்சீட்டைக் காலருக்குள் ஊக்கால் குத்துவாள். எண்ணை மறுபடி ஒரு தரம் வாசித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்புவாள். ஒருவர் துணியை இன்னொருவர் கையில் கொடுத்தாள் என்ற பேச்சுக்கே இதுவரை இடம் வைத்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில் பெருமைப்பட வாய்த்தது அவளுக்கு?

அப்படிப்பட்டவள்தான் அந்தப் படத்தை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

கறுப்பு வெள்ளைப் படம். பின்வாசல் படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துண்டில் சுற்றிய குழந்தை, அது இவள்தான். அம்மா தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அப்படிச் சிரித்த படம் அம்மாவுக்கு வேறு இல்லை. பின்புறம் மையில் அப்பாவின் பெயர். அது போதாதா? செல்போனில் படம்பிடித்தாள். அடியில் ஏதோ கறுப்பாக அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தப் பகுதியை வெட்டித் தள்ளினாள். ‘அப்பா எடுத்த படம்’ என்று எழுதி, பழைய படங்களுக்கென்று இருந்த ஒரு இணையப் பக்கத்தில் போட்டாள்.

படம் கால் முளைத்து ஓடியது. முகம் தெரியாதவர்களெல்லாம் அம்மாவின் சிரிப்பில் சொக்கிப்போனார்கள். எவனோ ஒருவன் தன் பக்கத்தின் பெயரை அம்மாவின் தோளிலேயே முத்திரை குத்தி, தன் வீட்டுப் படம் மாதிரி போட்டிருந்தான். அதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்டி எழுதினாள், பதில் இல்லை. அப்புறம் நூலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பழைய குடும்பப் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்களாம், இதைப் பெரிதாக அச்சிட்டு வாசலிலேயே மாட்ட ஆசையாம். படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

“அப்பா எடுத்தது. அவரு இப்ப இல்ல. நானும் அண்ணனும்தான். தாராளமா போடுங்க” என்றாள் அவசரம். பெருமை தாங்காமல் அதைக் குடும்பக் குழுவிலும் எழுதினாள்.

அம்மாவின் ஒரே தம்பி, தாய்மாமா, அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதினார். எழுதிவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமா போனை எடுக்கவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா பக்கத்தில் அவளுக்கென்று மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் யாரை மாமா என்று கூப்பிடுவது? மறுநாள் கடையில் ஊக்கைத் துணியில் குத்துவதற்குப் பதில் விரலில் குத்திக்கொண்டாள். வாயில் விரலை வைத்தபடியே அண்ணனைக் கூப்பிட்டாள்.

“நான் பொறந்தப்ப அப்பாவோட கேமராவ யாரு வச்சிருந்தா?”

“மாமாதான் தூக்கிட்டுத் திரிவாரு. அப்பாவுக்கு ஃபிலிம் மாட்டவே தெரியாதே.”

“அப்புறம் எதுக்குப் பின்னாடி அப்பா பேரு?”

“அப்பா எதுல பேரு எழுதல? குடைக் கைப்பிடி, வாளி அடி, என் செருப்பு வரைக்கும் எழுதினாரு. கேமரா அவரோடது, அதனால படமும் அவரோடது. அவ்வளவுதான் கணக்கு. விடு.”

எப்படி விடுவது? நூலகத்துப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“கேமரா யாரோடதுன்னு பாக்கறதில்லைங்க” என்றாள் அந்தப் பெண். “படம் உங்க கையில இருக்கறதும் வேற விஷயம். பொதுவா எடுத்தவருக்குத்தான் உரிமை. அவரு சம்மதிக்கணும், அவரு பேரும் போடணும். சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சொல்லலைன்னா இந்தப் படத்த விட்டுடறோம்.”

முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, உறையிலிருந்த அசல் படத்தை எடுத்துப் பார்த்தாள். அடியில் அவள் வெட்டிப்போட்ட இடத்தில் இருந்தது அழுக்கு இல்லை, நிழல். வெயில் முதுகில் அடிக்க, இரண்டு முழங்கையும் வெளியே தள்ளிக்கொண்டு, நெஞ்சோடு பிடித்த பெட்டிக் கேமராவுக்குள் குனிந்து பார்க்கும் ஒல்லியான ஒரு பையனின் நிழல். அப்பா ஒரு நாளும் ஒல்லியாக இருந்ததில்லை. அவளுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

மாமா கதவைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை. கட்டிலில் பாதி மடித்துக் கிடந்த துணிகளிடம் திரும்பிப் போய்விட்டார்.

“தப்புப் பண்ணிட்டேன் மாமா. உங்க பேர மாத்திப் போட்டுட்டேன்.”

“பேருக்கா கோவிச்சுக்கிட்டேன்? எனக்கெதுக்கு பேரு.” சட்டையை உதறினார். “அவ சிரிச்சது என்னப் பாத்து. உங்க அப்பா மாதிரி பேசிக் காட்டினேன், அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பக் கொண்டுபோய் அவருக்கே குடுத்துட்டியே.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. படத்தை நீட்டினாள்.

“ஊரெல்லாம் நான் வெட்டின படம்தான் சுத்துது. அத இனிமே திரும்பப் பிடிக்க முடியாது மாமா. நூலகத்துல இதப் போடலாமா? நீங்க சொன்னாத்தான்.”

மாமா ஜன்னலோரம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை முகத்தருகே வைத்துப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போடு” என்றார் கடைசியில். “ஆனா கீழ வெட்டாத.” கட்டைவிரல் அந்த நிழலுக்குப் பக்கத்தில் நின்றது. “நானும் எங்க அக்காவும் சேந்து இருக்கற படம் இது ஒண்ணுதான்.”

அவள் நூலகத்து எண்ணை அழுத்தினாள். லைன் கிடைக்கவில்லை, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினாள்.