இடது கண்ணில் வெளுத்த சிவப்பு

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் ‘கலர் மாஸ்டர்’ என்பார்கள். அடிபட்ட காருக்கு அதே நிறத்தில் பெயிண்ட் கலப்பது அவர் வேலை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் நிறம் பார்ப்பார். முப்பது வருஷப் பழக்கம். யாரிடமும் அபிப்பிராயம் கேட்கமாட்டார், அவ்வளவு கர்வம்.

ஒரு நாள் இடது நெற்றியில் எரிச்சலும் கொப்புளமும். “பெயிண்ட் தின்னர் தெறிச்சிருக்கும்” என்று நாலு நாள் சோப்புப் போட்டுக் கழுவினார் மகானுபாவர். மூக்கு நுனியிலும் கொப்புளம் வந்து இமை வீங்கிய பிறகுதான், சண்டை போட்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன். அக்கியாம். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து இப்போது கிளம்பியிருக்கிறது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பு என்பதால், அடுத்த வாரமும் கண்ணைக் காட்டச் சொன்னார் டாக்டர். கொப்புளம் காய்ந்ததும், கண்ணைக் காட்டாமலே துரை வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வந்தது ஒரு சிவப்புக் கார். பெயிண்ட் அடித்து முடித்தால் கதவு ஒரு சிவப்பு, வண்டி ஒரு சிவப்பு. ஸ்ப்ரே அடிப்பவர் நிறம் சேரவில்லை என்று சொன்னதற்கு, “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று இவர் கத்தியிருக்கிறார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை இப்படின்னா சரிப்படாது மாஸ்டர்” என்றாராம்.

மறுபடி டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் ஒரு சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்காகக் காட்டினார். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்கு வெளுத்துப்போன ரோஸ். பார்வை நரம்பையும் கிருமி தொட்டுவிட்டது. “பார்வையைக் காப்பாத்தப் பார்ப்போம். நிறம் பழையபடி தெரியுமான்னு சொல்ல முடியாது.”

வழியில் அவர் சொன்னது ஒன்றுதான். “எனக்கு வேற வேலை தெரியாதும்மா.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திட்டவேண்டும் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

பார்வை தப்பியது, இடது கண்ணுக்குச் சிவப்பு மட்டும் திரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து, சொட்டு மருந்து போடப் பட்டறைக்குப் போனேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இன்னொரு சிவப்புக் காரின் கதவுக்குப் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தார். ஒரு அட்டையில் தடவிக் கதவோடு சேர்த்துப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்ப்ரே அடிப்பவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரேன்.”

அந்தத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். “ஒரு சொட்டு கறுப்பு விடலாம் மாஸ்டர்.”

இவர் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினார்.

“இப்ப?”

“இப்ப அடிக்கலாம் மாஸ்டர்.”

நான் பட்டறை வாசலிலேயே நின்று அழுதேன். வெட்கமாகவே இல்லை.