வாய்க்கால் கரண்டுக்கு வாங்கிய ஜெனரேட்டர்

1. துண்டில் வந்த டைனமோ

கோவிந்தன் எங்கள் கடைக்கு வந்தபோது ஒரு பழைய லாரி டைனமோவைத் துண்டில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டிருந்தார். கூத்தாநல்லூரில் காதர் பாய் நடத்திய மோட்டார் ரிப்பேர் கடை அது. நான் அங்கே மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை பார்த்தேன். மூட்டையை பெஞ்சில் இறக்கிவிட்டு, "இத வாய்க்கால் தண்ணிய வச்சு ஓட்ட முடியுங்களா?" என்று கேட்டார்.

தண்ணீர்தான் ஓடும், டைனமோ ஓடாது என்று கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் குடியிருந்தது விவசாயக் கூலிகளின் தெரு. ஊர் ஊராகக் கரண்ட் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. மெயின் லைனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தெரு இருந்தது. நடுவில் பண்ணையின் வயல். பண்ணை என்று எல்லோரும் சொன்னது அங்கிருந்த பெரிய மிராசுதாரை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த தெருவுக்குத் தன் வயல் வழியாகக் கம்பம் போகக் கூடாது என்று அவர் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருந்தார்.

கோவிந்தனின் மனைவி அஞ்சலைக்கு முதல் பிரசவம் மழைக்காலத்தில். சிம்னி விளக்கு காற்றில் அணைந்து அணைந்து போயிருக்கிறது. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை மருத்துவச்சி பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. இப்போது அஞ்சலை மறுபடி முழுகாமல் இருந்தார்.

"அடுத்ததாவது வெளிச்சத்துல பொறக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் கோவிந்தன்.

2. எந்த மெஷின்?

தெருவுக்குப் பக்கத்துக் கிளை வாய்க்காலில் 'டிராப்' ஒன்று இருந்தது. தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு விழுகிற கட்டுமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நம் டெல்டாவில் அருவியா இருக்கிறது? இடுப்பு உயரம் விழுந்தாலே பெரிய விஷயம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம் வரை ஓடும். அங்கே மரச்சக்கரம் போட்டால் மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாகச் சுற்றும். பெரிய புல்லி, சின்ன புல்லி, பெல்ட் என்று போட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இதுவரை கஷ்டம் இல்லை. அந்தப் பெல்ட்டின் மறுமுனையில் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

கோவிந்தன் கொண்டுவந்த டைனமோ நல்ல ஜாதிதான். கட்-அவுட், ரெகுலேட்டர், பேட்டரி எல்லாம் வைத்தால் அடங்கி நடக்கும். ஆனால் அது கொடுப்பது பன்னிரண்டு வோல்ட். டிராப்பிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுத்தால் பாதி வழியிலேயே செத்துப்போகும். பேட்டரியில் ஏற்றித் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு வீட்டுக்குக் கார் பல்பு எரியும். உங்கள் வீட்டுக்கு அது போதும் என்றேன்.

"ரெண்டு வீட்ல மட்டும் எரிஞ்சா அந்த ரெண்டு வீடும் பண்ணை ஆயிடுங்க. எல்லா வீட்லயும் எரியணும்" என்றார் அவர்.

கடையின் பின்பக்கம் ஒரு ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜினில் மாட்டி ஓட்டுகிற ஜெனரேட்டர், கிடந்தது. கல்யாணங்களுக்கு லைட் செட் போடுகிறவர் இன்ஜின் கெட்டுப்போனதால் பாயிடம் தள்ளிவிட்டுப் போனது. இருநூற்று முப்பது வோல்ட் தரும், தெரு முழுவதற்கும் போகும். ஆனால் இன்ஜினில் கவர்னர் என்று ஒன்று உண்டு. லோடு குறைந்தால் தானே டீசலைக் குறைத்து வேகத்தைப் பிடித்து வைக்கும். வாய்க்காலுக்கு யார் போய்ச் சொல்வது? பல்புகள் அணைந்தால் சக்கரத்தின் சுமை குறையும், வேகம் ஏறும், கூடவே வோல்ட்டேஜும் ஏறும். அணையாமல் மிச்சமிருக்கிற பல்புதான் அத்தனையும் தாங்க வேண்டும். ஃப்யூஸ் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஃப்யூஸ் கரண்ட் கூடினால்தான் போகும். வோல்ட்டேஜ் ஏறினால் வேடிக்கை பார்க்கும்.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கவர்னர் இல்லாத மெஷினு யார் பேச்சையும் கேக்காது தம்பி. யோசிச்சுக் குடு" என்றார். கோவிந்தனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் ஆல்டர்னேட்டரின் மேல் கையை வைத்து, "இதுதாங்க" என்றார்.

அதனால் எந்த வீட்டிலும் சுவிட்ச் வைக்கவில்லை. எரிந்தால் எல்லாம் எரியும். அணைக்க வேண்டுமென்றால் டிராப்பில் தண்ணீரை அடைக்கிற பலகையை இறக்கிச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். எல்லா வீடும் சேர்ந்து அணையும். ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றவே கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பண்ணை வீட்டுலகூட சுவிட்சு இருக்கு. எங்க வீட்ல வெளக்க அணைக்கவே கூடாதா? நல்லாத்தான் இருக்கு போங்க!"

3. வெளிச்சம்

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. பல்பு வெளிச்சத்தில்தான். கோவிந்தன் கடைக்கு வந்து பாய்க்கும் எனக்கும் கல்கண்டு கொடுத்தார். எத்தனையோ பேருக்கு மோட்டார் ஓடவைத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

4. விளக்குகள் அணைந்தன

தையில் அறுப்பு தொடங்கியது. சங்கம் கேட்ட கூலிக்குப் பண்ணை சம்மதிக்கவில்லை. வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். தெருக்காரர்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பண்ணையின் அடியாட்கள் கம்பும் அரிவாளுமாக வாய்க்கால் கரையோடு வந்தார்கள். கோவிந்தன் சங்கக் கூட்டத்துக்காக மன்னார்குடி போயிருந்தார். நானும் அங்கே இல்லை. பிறகு கேட்டறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பண்ணை ஆட்கள் வருவது தெரிந்தால் வீட்டுக்கு வீடு விளக்கை அணைத்துவிடுவார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. பிறகு சத்தமில்லாமல் கொல்லைப்பக்கமாக வயலில் இறங்கிவிடுவார்கள். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் உயிர் பிழைத்திருக்கிறார்கள். பலகையை இறக்கலாமென்றால் டிராப் இருந்த கரையில்தான் அடியாட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எனவே முன்பு சிம்னியை ஊதி அணைத்த அதே அவசரத்தில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பல்புகளைக் கழற்றினார்கள். நான் சொன்னது யாருக்கும் நினைவில்லை. அந்த நேரத்தில் எனக்கே இருந்திருக்காது.

வீடுகள் மளமளவென்று அணைய அணைய வாய்க்கால் பக்கம் பெல்ட் கிறீச்சிட்டதாம். அஞ்சலை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பல்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. அது வெடித்தது. ஹோல்டரில் பற்றிய நெருப்பு கீற்றில் ஏறியது. கொல்லைப் படலைப் பிய்த்துக் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். அவர் வெளியே வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

தீயைப் பார்த்த அடியாட்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். தண்ணீர் ஊற்ற ஒருவன்கூட நிற்கவில்லை.

5. ஸ்டேஷனில்

மெஷினை மாட்டியவன் என்று என்னை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பாய் கூடவே வந்தார். பண்ணையின் மோட்டார்கள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். அந்த வேலை போனாலும் போகட்டும் என்றுதான் வந்தார். வாசலில் சங்கத்து ஆட்கள் என்னை மறித்து, "அடியாளுங்க கொளுத்துனாங்கன்னு சொல்லிடுங்க, கேஸ் நிக்கும்" என்றார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கோவிந்தன் எழுந்து வந்தார்.

"பொய் சொல்ல வேணாங்க. ஆனா பாதியில நிறுத்திடாதீங்க."

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "மெஷினால தீப்புடிச்சுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"மெஷினாலதான் சார். வோல்ட்டேஜ் ஏறிடுச்சு. மத்த வீட்ல எல்லாம் பல்பக் கழட்டுனதால ஏறுச்சு. கம்பு அரிவாளோட ஆளுங்க வந்ததால கழட்டுனாங்க."

அவர் முதல் வார்த்தையோடு எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். ஏட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்போட ஆளு வந்தா வோல்ட்டேஜ் ஏறுமாய்யா?"

"அந்தத் தெருவுல ஏறும் சார்" என்றேன்.

மின்கசிவு என்று எழுதி கேஸை முடித்தார்கள். எதுவும் கசியவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அதைக் கசிவு என்று சொல்லமாட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆல்டர்னேட்டரையும் சக்கரத்தையும் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கம்புகளை யாரும் தேடவில்லை.

ஓடையில் கரண்ட் எடுக்கப் போகிறேன், சின்ன ஜெனரேட்டராகச் சொல்லுங்கள் என்று இப்போதும் பையன்கள் கேட்டு வருகிறார்கள். தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு உயரம் விழுகிறது, எத்தனை வாட் வேண்டும் என்று எல்லாம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நல்லதுதான். நான் கேட்பது வேறு: அந்த வீடுகளில் விளக்கு எதற்காக அணையும்? தூங்குவதற்காக அணைக்கிறவர்கள் ஒவ்வொருவராக அணைப்பார்கள். அதற்குத் தகுந்தபடி கவர்னர் வைத்த மெஷின் சொல்லலாம். பயந்து அணைக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக அணைப்பார்கள். அப்போது கடைசி வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்துவிட்டு மெஷின் வாங்குங்கள்.