ஆறாம் மேசையின் மூன்றாவது குண்டு

அவள் தன் வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. கொசு அடிப்பதில்கூடப் பேர் வாங்கியவள் இல்லை. பத்துக்கு எட்டு தப்பிப் பறந்துவிடும் என்று அவள் வீட்டுக்காரரே சாட்சி சொல்வார். ஆனாலும் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவள் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு சுடுகிறவர்களுக்குப் பின்னால் வந்து நின்றால், பெரிய பெரிய மீசைக்காரர்கள் முப்பது பேர் மூச்சை மெதுவாக விடுவார்கள். முப்பது என்பது பத்தொன்பதாகவும் இருக்கலாம். மீசை மட்டும் சத்தியம்.

அதற்கு முன் இருபத்தொரு வருஷம் அவள் பீங்கான் தொழிற்சாலையில் இருந்தாள். சூளையிலிருந்து வரும் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது வேலை. ‘ணங்’ என்றால் பெட்டிக்கு, ‘டொக்’ என்றால் குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத கீறல் அவள் காதுக்குத் தெரியும். ஒருமுறை மேலாளர் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, “சார், உங்க கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது” என்றாளாம். ஆடியதாம். இதை நான் நம்புகிறேன். நீங்கள் நம்புவது உங்கள் இஷ்டம்.

பிறகு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு மாதம் சமையலறையில் டம்ளர்களைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கிளப்பில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு வாரப் பயிற்சியில் முதலாவதாக வந்தாள். ஆறு மாதம் பார்க்கிறோம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இடம் ஒன்றும் பிரமாதமில்லை. தகரக் கூரை, வரிசையாக ஆறு மேசைகள், அவற்றுக்குப் பின்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. எதிரே இருபத்தைந்து மீட்டரில் காகித அட்டைகள், அவற்றுக்குப் பின் மண்மேடு. துப்பாக்கியின் வாய் எப்போதும் மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். சுடுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. “நிறுத்து” என்று யார் கத்தினாலும், நேற்றுச் சேர்ந்தவர் கத்தினாலும், ஆறு பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். கோட்டில் நிற்கும்வரை யாருக்கும் பட்டம் கிடையாது, மேசை எண்தான்.

இந்தக் கடைசி விஷயம் கிளப்பின் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் பல் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் நாள் முழுக்க எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர். பதில் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அவள் வந்த இரண்டாவது வாரமே உரசல். யாரோ பின்னாலிருந்து “டாக்டர், வணக்கம்!” என்று கூவ, இவர் ரிவால்வரும் கையுமாகச் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

“ஆறாம் மேசை! திரும்பாதீங்க!”

“இதுல தோட்டாவே இல்லம்மா.”

“அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கீழ வைங்க.”

“நான் யாருன்னு தெரியுமில்ல? இந்தக் கிளப்போட செயலாளர்.”

“எனக்குத் தெரியுது சார். துப்பாக்கிக்குத் தெரியணுமே.”

அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். அடுத்த மாதம், அட்டை மாற்ற நான்கு பேர் முன்னால் போயிருந்தபோது துப்பாக்கியைத் தொட்டுத் துடைத்தார், மறுபடியும் பெஞ்ச். மூன்றாம் முறை பெஞ்சிலிருந்து எழுந்தவர் நேராகப் போய்ப் புகார் எழுதினார். மரியாதைக் குறைவு, தேவையற்ற கூச்சல் என்று மூன்று பக்கம். அவருடைய மருந்துச் சீட்டை எந்தக் கடைக்காரராலும் படிக்க முடியாது; இதை மட்டும் அழகாக டைப் அடித்திருந்தார்.

ஆறு மாதம் முடிகிற அன்றுதான் பக்கத்து ஊர்க் கிளப்போடு கோப்பைப் போட்டி. அன்று மாலையே நிர்வாகக் குழு கூடி அவளுக்கு வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு.

காலையில் வீட்டுக்காரர் மிக்ஸி ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு புத்தி சொன்னார். “இன்னிக்கு ஒரு நாள் அந்த ஆள்கிட்ட வாயக் குடுக்காத. சாயங்காலம் வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு.”

“பல்லக் கடிச்சு ஒடஞ்சா அவர்கிட்டதானே போய் நிக்கணும்?”

“கத்தறதா இருந்தா ‘தயவுசெஞ்சு’ன்னு சேத்துக் கத்தும்மா,” என்றாள் மகள்.

“அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள குண்டு போய்ச் சேந்துடும்டி.”

இறுதிச் சுற்று. ஆறு மேசைக்கு ஆறு பேர். ஆறாம் மேசையில் டாக்டர். அதுவரை அவர்தான் முதலிடம். அவர் கடைத் தோட்டா வாங்குவதில்லை. வெற்றுக் கூட்டில் கரண்டியால் வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி, வீட்டிலேயே தயாரிப்பார். “கடைத் தோட்டா ஓட்டல் சாப்பாடுய்யா. இது வீட்டுச் சமையல்” என்று அன்றும் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் நின்றார்.

முதல் குண்டு நடுப்புள்ளியில். இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதற்கு விசையை இழுத்தார்.

‘டமார்’ என்று வரவேண்டியது ‘பொத்’ என்று வந்தது.

மற்ற ஐந்து துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. எல்லார் காதிலும் இரைச்சல் தடுக்கும் மூடி, அவள் காதிலும்தான். அந்த இரைச்சலில், அந்த மூடிக்குள், அந்த ஒரு ‘பொத்’ அவளுக்குக் கீறல் விழுந்த கோப்பையாகக் கேட்டது. அவர் மணிக்கட்டைப் பார்த்தாள்: துள்ளவில்லை. அட்டையைப் பார்த்தாள்: புது ஓட்டை இல்லை. டாக்டரும் அட்டையைத்தான் பார்த்தார். அட்டையையே தவறவிட்டோம் என்று நினைத்து அவமானத்தில் முகம் சிவந்து, நான்காவதைச் சுட விரலை மடக்கினார்.

“நிறுத்து!”

அந்தக் கத்தலில் தகரக் கூரைப் புறாக்கள் அடுத்த ஊருக்குக் குடிபோயின; இன்றுவரை திரும்பவில்லை. ஐந்து பேர் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கோட்டுக்குப் பின்னால் வந்தார்கள். ஆறாவது கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

“இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு! என்ன, வெளையாடறியா?”

“ஆறாம் மேசை, விரல வெளிய எடுங்க. கீழ வைங்க.”

“காரணத்தச் சொல்லு!”

“வச்சதுக்கப்புறம் சொல்றேன்.”

“ஒண்ணும் இல்லன்னு ஆச்சு, சாயங்காலம் நீ மூட்டையக் கட்டணும். தெரியுமில்ல?”

“கட்டறேன் சார். நீங்க ரெண்டு கையோட வீட்டுக்குப் போங்க. கீழ வைங்க.”

எத்தனை நேரம் என்று கேட்டால் நான் ஒரு மணி நேரம் என்பேன். கடிகாரம் ஏழு விநாடி என்கிறது. வைத்தார்.

பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த நடுவர் சற்றுப் பொறுத்து, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பித்தளைக் கம்பியைக் குழலின் வாய் வழியாக உள்ளே விட்டார். நான்கு விரற்கடை போனது. நின்றது. அழுத்தினார், அசையவில்லை.

“குண்டு பாதி வழியில ஒக்காந்திருக்கு,” என்றார் நடுவர். “பின்னாடியே இன்னொண்ணு போயிருந்தா குழல் வெடிச்சிருக்கும். உங்க விரலு, பக்கத்து மேசைக்காரர் மொகம், ரெண்டும் போயிருக்கும். இதுல மருந்தே போடல டாக்டர். கூட்டோட அடியில இருக்கற நெருப்பு மூடி மட்டும் வெடிச்சுக் குண்ட நெட்டித் தள்ளியிருக்கு.”

டாக்டருக்கு நினைவு வந்தது. தோட்டா தயாரிக்கும்போது யாரோ பல்வலி என்று போன் செய்தார்கள். பேசி முடித்து வந்து, மருந்து போடாத கூட்டின்மேல் குண்டை வைத்து அழுத்திவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் நோயாளிகளைப் போல வாயைத் திறந்தபடி இருந்தார்.

ஐந்தாம் மேசைத் தையல்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “அக்கா, என் மூஞ்சி ஒண்ணும் அவ்வளவு அழகில்ல. இருந்தாலும் பழகிப்போச்சு. ரொம்ப நன்றி.” அரங்கம் முழுக்கச் சிரித்துவிட்டுக் கைதட்டியது. ஆட்டம் தொடர்ந்தது, டாக்டர் இரவல் துப்பாக்கியில் நான்காவதாக வந்தார். கோப்பை தையல்காரருக்கு.

மாலையில் அலுவலக அறையில் குழு கூடியது. தலைவர் புகாரைக் கையில் எடுத்ததும் டாக்டர் எழுந்தார். “அத வாபஸ் வாங்கிக்கறேன்.”

“வாங்காதீங்க சார்,” என்றாள் அவள்.

வாசலில் காத்திருந்த வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா? உங்க பக்கம்தானே பேசறேன்?”

“இன்னிக்குக் கம்பி நின்னுச்சு, அதனால பேசறீங்க. அது அந்தப் பக்கம் போயிருந்தா? உள்ள ஒண்ணுமே இல்லன்னு ஆகியிருந்தா? அப்பவும் நான் கத்தினது சரிதானா, இல்லையா? அத முடிவு பண்ணுங்க. தப்பாக் கத்தினா வேல போயிடும்னு ஒரு பயம் வந்துச்சுன்னா, அடுத்த தடவ நான் ஒரு நொடி யோசிப்பேன். அந்த ஒரு நொடிதான் சார் ஆபத்து.”

தலைவர் டாக்டரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. கம்பி போயிருந்தா?”

டாக்டர் தன் வலது கையை மேசைமேல் விரித்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அப்பவும் நான் கீழ வச்சிருக்கணும். கேள்வி கேக்காம.”

அப்படியே தீர்மானம் எழுதினார்கள்: நிறுத்தச் சொன்னது சரியானாலும் தவறானாலும் நிறுத்தியவரைக் குறை சொல்லக் கூடாது. அதற்கு அடுத்த வரியில் அவள் வேலை நிரந்தரம். குழுவின் ஏழு பேரும் கை தூக்கினார்கள். டாக்டர் கை முதலில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு, நிறைந்த அரங்கில் அவள் மறுபடியும் “நிறுத்து!” என்று கத்தினாள். ஆறு துப்பாக்கிகளும் கீழே போயின. இரண்டாம் மேசையின் குழலில் கம்பி விட்டுப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் கேட்டது, கூரைமேல் விழுந்த ஏதோ காய்.

“தப்பு என்னுதுதான். கூரையில காய் விழுந்திருக்கு,” என்றாள்.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆறாம் மேசைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்: “அக்கா, சுடலாமா?”

“சுடுங்க,” என்றாள் அவள்.