மருதாணிக்குக் கீழே மூன்று கோடு

2025
ஜூன் 3: ஆட்டோ, போகவர, ரூ. 320
ஜூன் 5: கம்பிவலைக் கூண்டு, ரூ. 2,400
ஜூன் 6: பஸ், நால்வர், ரூ. 90
ஜூன் 10: பஸ், நால்வர், ரூ. 90
ஜூலை 1: பஸ், நால்வர், ரூ. 90
ஊசி: இலவசம்

கரமனை அக்கிரகாரத்துப் பத்மப்ரியாவிடம் எதையும் மறைக்க முடியாது என்று பேர். நகரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரை வியாதியே இல்லை என்று சாதிப்பவரை ஒரு பார்வை பார்ப்பாள். அவராகவே, "கொஞ்சம் உண்டு" என்பார். வீட்டிலும் அப்படித்தான். ஒன்பது வயது மகள் விஷ்ணுப்ரியா பல் தேய்க்காமல் வந்து நின்றால், சமையலறையிலிருந்து திரும்பாமலே கண்டுபிடித்துவிடுவாள்.

விஷ்ணுவும் அவள் அண்ணன் ஜெயந்தும் இரண்டு பூனைக்குட்டிகள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். கறுப்புப் புள்ளி விழுந்தது மிளகு, பழுப்பு நிறத்தது சீரகம். மழையில் ஓடை ஓரம் கத்திக்கொண்டிருந்தவற்றை ஜெயந்த்தான் குடைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். மிளகு அவன் ஸ்கூல் பைக்குள் தூங்கும். சீரகத்துக்கு விஷ்ணுவின் தலையணை. அடுத்த வீட்டு ஷீஜா கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மலையாளிப் பெண். குட்டிகளுக்கு ஊசி போட்டுவிடச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஸ்கூல் லீவு முடியட்டும்" என்று பத்மப்ரியா தள்ளிப்போட்டாள்.

அந்த வீட்டில் பூனைகளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் கோபு என்றொரு பூனை ஜெயந்தின் காலைப் பிராண்டியது. அன்று சாயங்காலமே அவன் அப்பா நாகேஸ்வரன் அதை அரிசிச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்து, கரமனைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஆற்றைத் தாண்டிய பூனை திரும்பி வராது என்பது தெருவில் எல்லோரும் நம்புகிற கணக்கு. சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்தவள் பத்மப்ரியா. "பிராண்டித்தோ, பாலத்துக்கு அந்தண்டைதான்" என்று அன்று சொன்னவள், பிறகு புதுக் குட்டிகளிடமும் விளையாட்டாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, வேலையிலிருந்து திரும்பியவள் விஷ்ணுவின் கையில் மருதாணியைப் பார்த்தாள். புறங்கை முழுக்கக் கோணல்மாணலாகக் கோடு.

"யார்டா போட்டுவிட்டது?"

"நான்தாம்மா" என்றான் ஜெயந்த்.

"இது மருதாணியா, பஸ் ரூட்டா? ஒரு பூவாவது ஒழுங்காப் போடப்படாதோ?"

மூவரும் சிரித்தார்கள். விஷ்ணு கையை ஊதிக்கொண்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. எரிகிறதாம். எலுமிச்சைச் சாறு கூடிப்போயிருக்கும் என்று அம்மா தேங்காயெண்ணெய் எடுக்கப் போனாள். "வேண்டாம், வேண்டாம்" என்று பெண் எழுந்து ஓடிவிட்டது.

ஸ்கூல் திறந்த மறுநாள் காலையில் மிளகு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை. முதல் நாள் சாயங்காலம் துடைப்பத்தைக் கடித்து இழுத்தது; வாயில் நுரையாக எச்சில் ஒழுகியது. ஏதோ விஷத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்துக் குனிந்த பத்மப்ரியாவை, மதிலுக்கு அப்பாலிருந்து வந்த குரல் நிறுத்தியது.

"தொடண்ட சேச்சி, தொடண்ட!" ஷீஜா கையுறையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தாள். எட்டிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "இது பிள்ளைகளை மாந்தியோ? கடிச்சோ?" பிராண்டியதா, கடித்ததா என்று கேட்கிறாள்.

"சே, இல்லை. என்கிட்ட சொல்லாம இருப்பாளோ?"

பத்மப்ரியா திரும்பினாள். யூனிபாரத்தில் நின்ற விஷ்ணு வலது கையைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஜெயந்த் தரையைப் பார்த்தான்.

கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் வைத்தாள். மருதாணி வெளுத்துப்போயிருந்தது. வெளுக்காத மூன்று கோடுகள் மட்டும் பொருக்குத் தட்டி, கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை நீண்டன.

"திட்டாதேம்மா" என்றான் ஜெயந்த். "கோபுவை மாதிரி மிளகையும் கொண்டு விட்டுடுவேளேன்னுதான்..."

பத்மப்ரியாவுக்குப் பஸ் ரூட் என்று தான் சிரித்தது மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

ஷீஜா மிளகைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இவர்கள் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு மலையாளத்தில் விஷ்ணுவிடம் கேட்டார்: வேறு எங்காவது பிராண்டியதா, பல் பட்டதா? ஒவ்வொரு காயத்திலும் மருந்து ஏற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆபத்து.

விஷ்ணு பதிலுக்கு அம்மாவையே பார்த்தாள். எத்தனையோ பேர் முகத்தைப் படித்தவளுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. உயிர் போகிற விஷயத்தில்கூட, குழந்தை தன்னை நம்பத் துணியவில்லை.

"சீரகம் எங்கேயும் போகாதுடி. பாலம் தாண்டாது. என் தலைமேல சத்தியம். சொல்லு, கண்ணா."

"அப்பா?"

"அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

விஷ்ணு மெல்ல ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவினாள். குதிகாலில், ஆறியும் ஆறாமலும், இரண்டு பல் தடம்.

குதிகாலில் ஊசி இறங்கியபோது பெண் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மத்தியானம் ஷீஜா போனில் கூப்பிட்டாள். "பேவிஷம்தான் சேச்சி." வெறிநோய். வீட்டில் எல்லோரும் அதன் எச்சிலைத் தொட்டிருந்தார்கள், எல்லோருக்கும் ஊசி.

அலுவலகத்திலிருந்து வந்துசேர்ந்த நாகேஸ்வரன் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், "மத்ததை இன்னிக்கே சாக்குல போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம இருங்கோ." பத்மப்ரியா குரலை உயர்த்தவில்லை. "அது போச்சுன்னா, இனிமே எது கடிச்சாலும் இந்த ரெண்டும் நம்மகிட்ட சொல்லாது."

அவர் பெண்ணின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் கடிதம் இரண்டு வழி சொன்னது: சீரகத்தைக் கருணைக்கொலை செய்யலாம், இல்லையென்றால் ஊசி போட்டு, ஆறு மாதம் கூண்டில் தனியாக வைத்துக் கவனிக்கலாம். கொல்லையில் கூண்டு வந்தது. அதற்குச் சோறு வைப்பதும் கூண்டைக் கழுவுவதும் பத்மப்ரியா மட்டும்தான். குழந்தைகள் எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாலு ஊசியும் முடிந்துவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும், விஷ்ணு தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தாயின் கண் அவள் தொண்டையிலேயே இருந்தது.

ஓணம் விடுமுறையில் விஷ்ணு தானாக வந்து முழங்கையை நீட்டினாள். "அம்மா, தெருப் பூனை ஒன்னு பிராண்டிடுத்து. இப்பத்தான்." பத்மப்ரியா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

விஷ்ணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீரகத்துக்கும் நோயில்லை, இனித் திறந்துவிடலாம் என்ற கடைசிக் கடிதம் வந்த தேதி: டிசம்பர் 9, 2025.